இடது மூலையில் ஒரு மடிப்பு

கத்தி அட்டையில் மெதுவாக நகர்ந்தது. சலவை இயந்திரம் வந்த பெட்டியைப் பிரித்து எடுத்த தடித்த அட்டை. வலது கை வெட்ட, இடது கையின் பெருவிரல் கோட்டுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டே போனது. முன்விளிம்பு முடிந்தது. வலப்பக்கம் முடிந்தது. இடது பின்மூலைக்கு வந்தபோது, பெட்டிக்காரன் ஏற்கெனவே போட்டிருந்த ஒரு கீறலைத் தன் பென்சில் கோடு என்று அவள் நினைக்க, கத்தி உள்ளே இறங்கிவிட்டது. கைகள் நின்றன. "அடச்சீ" என்றது வாய்.

வீட்டில் வேறு அட்டை இல்லை. மறுநாள் காலையில், மாதிரிக்காகத் தைக்கிற இருக்கையை எடுத்துப்போகத் தம்பி வருகிறான். அவள் அந்த அட்டையையே அளவாக வைத்து, தவறிய வெட்டோடு துணியை வெட்டினாள். மூலையில் விழுந்த வெட்டின் இரண்டு ஓரங்களையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, உள்பக்கமாக ஒரு சின்ன மடிப்பு வைத்துத் தைத்து மூடினாள். சிவப்பு வெல்வெட்டில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது.

தெருவில் அவளைச் சீட்டக்கா என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், மாதச் சீட்டு பிடிக்கிறவள் என்று நினைத்து, "அக்கா, நானும் சேரலாமா?" என்று வந்து நிற்பதுண்டு. "தாராளமா. உக்காருங்க, அளவு எடுத்துக்கறேன்" என்பாள். உட்காருகிற எதற்கும் அவள் உறை தைப்பாள். சோபா, வேன், மருத்துவமனை பெஞ்சு, முடிதிருத்தும் கடையின் சுழல் நாற்காலி.

யாரிடமும் போய்க் கற்றதில்லை. பள்ளிப் பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தவள். தம்பி இருக்கை மாட்டும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிழிந்த வேன் சீட் ஒன்றைத் தோளில் தூக்கிவந்து, "அக்கா, இத உன்னால தைக்க முடியுமா?" என்றான். அவள் பிளேடு எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிரித்த துண்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, கடைசியாக வந்ததில் தொடங்கித் திரும்பத் தைத்துக்கொண்டே போனாள். அந்த வரிசையே அவளுக்குப் பாடம்.

அதன்பிறகு ஏற்பாடு இதுதான். தம்பி நகரத்தில் வேலை பிடிப்பான், அளவு எடுத்து வருவான். அவள் இங்கே வெட்டித் தைப்பாள். அவன் கொண்டுபோய் மாட்டுவான். தான் தைத்ததில் யாராவது உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்ததே கிடையாது. "நல்லா இருக்காம்க்கா" என்று அவன் வந்து சொன்னால் நல்லா இருந்தது. "இறுக்கமா இருக்காம்" என்றால் அடுத்த முறை அரை விரல் தளர்த்துவாள். அவள் கைக்கும் ஊருக்கும் நடுவில் அவன் வாய் ஒன்றுதான் இருந்தது.

மாதிரியாகத் தைத்த அந்த இருக்கை ஒரு நாடக அரங்கத்துக்கு. குழந்தைகளோடு குடும்பமாக வந்து பார்க்கிற இடம் என்று மட்டும் தம்பி சொல்லியிருந்தான், எந்த அரங்கம் என்று சொல்லவில்லை. அதைக் கேட்டதிலிருந்து அவள் மனசு முழுக்க குழந்தைகளின் கால்தான். பெரியவர்களின் கால் தரையில் ஊன்றும், குழந்தைகளின் கால் தொங்கும். எல்லா நாற்காலியிலும் மேல்துணியும் முன்துணியும் சேருகிற தையல் சரியாக விளிம்பில், முழங்காலுக்குப் பின்பக்கம் அழுத்துகிற இடத்தில் வரும். அவள் மகளே சினிமாவுக்குப் போனால், "அம்மா, சீட்டு கடிக்குது" என்பாள். எனவே இவள் மேல்துணியை விளிம்பில் நிறுத்தாமல் கீழே வளைத்து இறக்கி, இரண்டு விரல் தள்ளித் தையலைப் போட்டாள். துணி கூடுதலாகப் பிடிக்கும், முனைகளில் சுருங்காமல் வளைப்பது பெரும்பாடு. மூன்று தடவை பிரித்துத் தைத்த பிறகே கை வழிக்கு வந்தது.

மறுநாள் தம்பியிடம் கொடுத்தபோது, "முன்பக்கத்தப் பாரு" என்றாள். "பின்னாடி இடது மூலையில அட்டையத் தப்பா வெட்டிட்டேன். மாதிரிக்குப் பரவாயில்ல. ஆர்டர் வந்தா வேற அட்டை வெட்டணும், மறந்துடாத." அவன் போனைப் பார்த்துக்கொண்டே, "சரிக்கா, சரிக்கா" என்று இருக்கையையும் அட்டையையும் வண்டியில் வைத்துக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்து வெறுங்கையோடு வந்தான்.

"பிடிக்கலையாம்க்கா."

"என்ன பிடிக்கலையாம்?"

"அந்த முன்தையல். நீ கீழ இறக்கினியே, அது உறுத்துதாம். எல்லாரும் போடற மாதிரிப் போட்டா என்னன்னு கேட்டாங்க. வேற கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க."

"உக்காந்து பாத்தாங்களா?"

"பாக்காம சொல்லுவாங்களா? விடுக்கா. டீ போடு."

டீ போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவனும் அப்படியே குடித்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தையலை யாருக்கும் போடவில்லை. ஆர்டர் போனதைவிட, தன் விரலுக்கு மெத்தென்று பட்டது இன்னொருத்தர் காலுக்கு உறுத்தியிருக்கிறதே என்பதுதான் அவளைக் குடைந்தது. கை பொய் சொல்கிறது என்றால் எதை வைத்துத் தைப்பது? தைத்து முடித்த ஒவ்வொன்றின்மேலும் தானே உட்கார்ந்து பார்த்தாள். மகளை உட்காரவைத்தாள். வழியில் போன தபால்காரரைக்கூட ஒருநாள் உட்காரவைத்து, "உறுத்துதா?" என்றாள். அவர் பயந்துபோய், "இல்லம்மா, நான் நின்னுக்கறேன்" என்றார். பக்கத்துப் பள்ளியிலிருந்து வண்டிக்கு இருக்கை தைக்கச் சொல்லி வந்தார்கள். குழந்தைகள் விஷயம், எனக்கு வராது என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அந்தக் கோடை விடுமுறையில், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவருக்கு அபூர்வமாகச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. நகரத்துக்குப் போய்த் தம்பி வீட்டில் தங்கி நாலு இடம் பார்ப்பது என்று முடிவானது. மகளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பள்ளியில் எல்லோரும் பேசிக்கொண்ட பாட்டு நாடகம், கால் முளைத்த வீட்டின் கதை.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "அதெல்லாம் ரொம்பச் சின்னப் பசங்களுக்கு" என்றான் முதலில். பிறகு, "டிக்கெட்டே கிடைக்காது." கணவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்று தெரிந்ததும், "ஏசி வேலை செய்யாதாம், வேர்த்துக் கொட்டுமாம். மீன் காட்சிக்குப் போலாம் குட்டி, சுறா இருக்கு" என்று மகளிடம் பேரம் பேசினான்.

"சுறா பாடுமா மாமா?"

"பாடாது."

"அப்போ வேணாம். நீங்களும் வரணும். உங்களுக்கும் சேத்துத்தான் அப்பா எடுத்திருக்காங்க."

கைக்குழந்தையோடு தம்பி மனைவி வீட்டில் இருந்துகொண்டாள். மற்ற நால்வரும் பகல் காட்சிக்குப் போனார்கள். அரங்கத்துக்குள் நுழைந்ததும் தம்பி முதல் ஆளாகப் போய் வரிசையின் அந்தக் கடைசியில் உட்கார்ந்தான். பிறகு கணவர், பிறகு மகள், இந்தப் பக்கம் அவள். ஏசி நன்றாகவே வேலை செய்தது.

விளக்கு அணைந்து திரை விலகியது. மேடையில் ஒரு வீடு, சன்னலோரம் மூன்று பிள்ளைகள். மழை இல்லாத ஊரில் இருந்து சலித்துப்போன வீடு, ஒருநாள் காலையில் தன் காலால் எழுந்து கடலைத் தேடிக் கிளம்புகிறது. உள்ளே பாதி சமையலில் அம்மா, பாதி சவரத்தில் அப்பா. "வீடே வீடே எங்க போற, விளக்கு ஏத்தும் நேரமாச்சு" என்று பிள்ளைகள் பாட, அரங்கத்தில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்து பாடினார்கள். வீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த எட்டுப் பேரின் கால்கள் தாளம் தப்பாமல் நடந்தன. வழக்கமாகத் தூங்கிவிடும் கணவர் அன்று தூங்கவில்லை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் கால்களைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே பாடினாள். கணவர் குனிந்து, "சீட்டு கடிக்குதா?" என்று கேட்டார். அது அவர்கள் வீட்டு வேடிக்கை.

"இல்லப்பா. மெத்து மெத்துனு இருக்கு."

அவள் கை தன்னிச்சையாக மகளின் முழங்காலுக்கு அடியில் போனது. விளிம்பில் தையல் இல்லை. விரல் கீழே இறங்கியது. இரண்டு விரல் தள்ளி, துணி சுருங்காமல் வளைந்து, அங்கே இருந்தது தையல்.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். உலகத்தில் எங்கோ இன்னொருத்தருக்கும் இது தோன்றியிருக்கிறது, இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. அப்படியென்றால் என் கை பொய் சொல்லவில்லை. தம்பியிடம் இதைக் காட்ட வேண்டும் என்று அந்தப் பக்கம் திரும்பினாள். மேடை வெளிச்சத்தில் எல்லோர் முகமும் மேடையைப் பார்த்திருக்க, தம்பியின் முகம் மட்டும் இவளைப் பார்த்திருந்தது. பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டது.

அவள் தன் இருக்கையின் இடது பின்மூலைக்குள் விரலை விட்டாள்.

மடிப்பு இருந்தது.

மகளின் இருக்கையில் இருந்தது. "என்னம்மா, கூசுது!" கணவரை முன்னால் நகரச் சொல்லிப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. "என்னடி பண்ற? அங்க கடல் வரப்போகுது" என்றார் அவர். எந்தப் பயனும் இல்லாத மடிப்பு. பெட்டிக்காரனின் கீறலைக் கோடு என்று நினைத்த ஒருத்தியைத் தவிர உலகத்தில் யாருக்கும் வைக்கத் தோன்றாத மடிப்பு.

இடைவேளையில் விளக்கு எரிந்ததும், "ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரேன்" என்று தம்பி எழுந்து போய்விட்டான். மகளும் கணவரும் அவன் பின்னாலேயே போனார்கள். ஆள் எழுந்ததும் இருக்கைகள் பட்பட்டென்று தாமாக மடங்கின. அவள் முன்வரிசைக்குப் போனாள். ஒவ்வொன்றாகக் கீழே அழுத்தி மூலையைத் தடவினாள். அதற்கு முந்தின வரிசை. அதற்கும் முந்தினது. எல்லாவற்றிலும்.

"என்னம்மா தேடுறீங்க? கம்மலா?" டார்ச் வைத்திருந்த பணிப்பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆமா" என்றாள் இவள். வேறு என்ன சொல்வது?

"அப்போ இடது மூலையப் பாருங்க. இந்த ஹால்ல எது விழுந்தாலும் அங்கதான் போய் ஒளிஞ்சுக்கும். பாப்கார்ன், ஹேர்பின், போன வாரம் ஒரு பல்லு. பால்பல்லுதான். எந்தப் புண்ணியவான் இந்த மடிப்ப வச்சானோ, தினம் கூட்டறப்ப அவனத் திட்டாத நாளில்ல." டார்ச்சை அடித்து அவளும் குனிந்து தேடினாள். "மத்தபடி நல்ல சீட்டுங்க. பசங்க மூணு மணி நேரம் நெளியாம உக்காந்திருக்குங்க. மாட்டினவரே உங்க வரிசையிலதான் இருக்காரு, கவனிச்சீங்களா? அந்தக் கடைசி சீட்டுல. மாசக்கணக்கா இங்கயே கெடந்து மாட்டினாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"என் தம்பி" என்றாள்.

"அடடே! அப்போ அவரயே கேளுங்க, எதுக்கு வச்சாங்கன்னு."

கம்மல் கிடைத்துவிட்டது என்று சொல்லி அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பணிப்பெண் அவளுடைய இரண்டு காதையும் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்துக்கொண்டு போனாள்.

இரண்டாம் பாதியில் வீடு கடலைக் கண்டது. அவள் எதையும் பார்க்கவில்லை. கொடுத்த ஐஸ்கிரீம் கையில் உருகி வழிந்தது. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிப் பாடினார்கள். ஹால் முழுக்க இருக்கைகள் மடங்கும் சத்தம் அலை மாதிரி முன்னாலிருந்து பின்னாலே போனது. அவள் மட்டும் எழவில்லை.

"அம்மா, எல்லாரும் நிக்கறாங்க!"

"நீ பாடு கண்ணு. நான் உக்காந்திருக்கேன்."

வெளியே, கால் முளைத்த வீட்டோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. கணவர் மகளோடு அதில் போய் நின்றார். அவளும் தம்பியும் படிக்கட்டோரம் நின்றார்கள். அவன் பேசத் தொடங்குவான் என்று பார்த்தாள். அவன் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"யாரு தச்சது?" என்றாள்.

"பெரிய பட்டறைக்கா. பத்து மிஷின் வச்சிருக்காங்க."

"என் அட்டைய வச்சா?"

சாவி நின்றது. "அக்கா, ஹால் முழுக்க வேணும்னாங்க. ரெண்டு மாசத்துல. ஒத்த மிஷின வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணியிருப்ப? ராப்பகலா தச்சு ஆஸ்பத்திரியில படுத்திருப்ப. உன் நல்லதுக்குத்தான்..."

"அத ஏன் சொல்லல?"

"பிடிச்சிருக்குன்னு சொன்னா நீ விடுவியா? நானே தைக்கறேன்னு நிப்ப."

"நின்னிருப்பேன். நீ முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டு நாள் சண்ட போட்டிருப்பேன், மூணாவது நாள் மிஷின் வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டிருப்பேன். இல்லன்னா விட்டிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "உறுத்துதுன்னு ஏன் சொன்ன?"

"ஏதாவது ஒரு காரணம் சொல்லணும்ல."

"இடது மூலையில தப்பு இருந்துச்சே. நானே வாய்விட்டுச் சொல்லிக் குடுத்த தப்பு. அத ஒரு காரணமா சொல்லியிருந்தா நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன். அது நிஜமாவே தப்பு. அத விட்டுட்டு நான் சரியா பண்ணினத எடுத்துத் தப்புன்னு சொல்லிட்ட."

அவன் விழித்தான். "எந்த மூலை?"

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். இந்த ஹாலில் ஒவ்வொரு இருக்கையையும் இவன் கையால் மாட்டியிருக்கிறான். ஒவ்வொன்றிலும் அந்த மடிப்பை இவன் விரல் தாண்டிப் போயிருக்கிறது. முன்தையல் உறுத்துகிறது என்று சொன்னவன் முன்தையலையும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான். நாக்கில் வந்ததைச் சொல்லியிருக்கிறான். அதை வைத்துக்கொண்டு அவள் தபால்காரரை உட்காரவைத்திருக்கிறாள்.

"நீ பாக்கவே இல்ல" என்றாள்.

"என்னக்கா, பெரிய வார்த்தையெல்லாம் பேசற. ஒரு சீட்டு விஷயம்."

மகள் ஓடிவந்தாள். "அம்மா, அந்த வீட்டோட கால் பேன்ட் போட்டிருக்கு!" தம்பி சத்தமாகச் சிரித்து அவளைத் தூக்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகும் அவர்கள் அங்கே தங்கினார்கள். மீன் காட்சிக்கும் போனார்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்தாள். தம்பி மனைவியோடு சிரித்துப் பேசினாள். அவளுக்கு எதுவும் தெரியாது, அவளிடம் கோபம் காட்ட எதுவுமில்லை. தம்பி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ரயிலில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, அவர் "அன்னிக்கு மூலையத் தடவினது இதுக்குத்தானா? நான் மூட்டைப்பூச்சின்னு நெனச்சேன்" என்றார். அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது. அவர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, மகளை எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பாலங்களை எண்ண வைத்தார்.

வீட்டில் பாதியில் விட்ட வேலை இருந்தது. ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்கு நீல ரெக்சின் உறைகள். தம்பி பிடித்துக்கொடுத்த வேலை. "திருப்பி அனுப்பிடு" என்றார் கணவர். "எடுத்த வேல" என்று சொல்லிவிட்டு மிஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

விடுமுறைக்கு முன் தைத்து வைத்ததை எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் விளிம்புத் தையல். ரெக்சினைப் பிரித்தால் பழைய ஊசித்துளை அப்படியே நிற்கும், மறைக்க முடியாது. அந்தத் துண்டுகளை ஒதுக்கிவிட்டுப் புது ரெக்சின் வாங்கிவந்தாள். புதிதாக அட்டை வெட்டினாள், இந்த முறை இரண்டு பக்கமும் சுத்தமான அட்டை. மேல்துணியை விளிம்பைத் தாண்டிக் கீழே இறக்கினாள். ரெக்சின் வெல்வெட் மாதிரி வளைந்து கொடுக்காது. முனைகளில் சூடு காட்டி இளக்கி, விரலால் நீவி நீவி வழிக்குக் கொண்டுவந்தாள். யாரையும் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

சொன்ன நாளில் தம்பி வண்டியோடு வந்தான். வாசலிலிருந்தே, "குட்டி எங்க? டீ இருக்காக்கா?" என்று ஒன்றும் நடக்காதது மாதிரி குரல் கொடுத்தான். மேஜைமேல் கட்டு தயாராக இருந்தது. அவன் வழக்கம்போல் அதை அப்படியே அள்ளப்போனான்.

"இரு" என்றாள். "பிரி."

"எதுக்கு? நீ தச்சா சரியாத்தான் இருக்கும்."

"பிரின்னேன்."

கயிற்றை அவிழ்த்தான். அவள் முதல் உறையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "முன்பக்கம் தடவிப் பாரு. போன பாக்கெட்ல வை." அவன் போனை வைத்துவிட்டுத் தடவினான். "கீழ. இன்னும் கீழ. ஆங். இப்போ நாலு மூலை." அவன் ஒவ்வொரு மூலையாக விரலை ஓட்டினான். இரண்டாவது உறையைக் கொடுத்தாள். மூன்றாவது. நடுவில் அவன், "அக்கா..." என்று எதையோ தொடங்கினான். அவள் நாலாவதை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். கழுத்தோரம் வேர்த்திருந்தது.

கடைசி உறையும் முடிந்தது.

"குறை இருந்தா இப்போ சொல்லு" என்றாள். "என் முன்னாடி, கையில வச்சுக்கிட்டே சொல்லு. அங்க போய் அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்கன்னு வராத. இனிமே யாரு என்ன சொன்னாலும் நான் நேர்ல போய்க் கேட்டுக்கறேன். அந்தப் பல் டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அவன் உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். "குறை ஒண்ணும் இல்ல."

"பாத்துத்தான் சொல்றியா?"

"பாத்துத்தான்க்கா."

அவள் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கயிறு போட்டு முடிச்சிட்டாள். கட்டைத் தூக்கி அவன் இரண்டு கையிலும் வைத்தாள்.